ஒளி டிரான்சீவர் மாட்யூல்கள்: வகைகளும் ஒப்பீடும்

ஒளி டிரான்சீவர் மாட்யூல் என்பது ஸ்விட்ச், ரூட்டர், சர்வர் போன்ற பிணையக் கருவிகளின் முகப்பில் செருகப்படும் விரலளவு உலோகப் பெட்டியாகும். கருவிக்குள் மின்துடிப்பாக ஓடும் தரவை ஒளித்துடிப்பாக்கி ஒளியிழைக்குள் அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஒளியை மீண்டும் மின்துடிப்பாக மாற்றிக் கருவிக்குத் தருவதும் இதன் பணி. இதில் பல வகைகள் உண்டு. களத்தில் வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'எஸ்எஃப்பி' என்றே சொல்லிவிடுவார்கள். உண்மையில் எஸ்எஃப்பி என்பது அவற்றுள் ஒரு வடிவத்தின் பெயர் மட்டுமே. இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் பல இடங்களில் தவறான மாட்யூல் வாங்கப்படுகிறது. ஒரே துளையில் கச்சிதமாகப் பொருந்தும் இரண்டு மாட்யூல்கள் ஒன்றுடன் ஒன்று பேசவே முடியாதவையாக இருக்கலாம்.

அரியலூர் மாவட்டத்திலுள்ள ரெட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலையும் உள்ள ஊர் இது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணி, பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டமாகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் வழியே நடைபெறுகிறது. அரியலூர் மாவட்டத்தில் மட்டும் 201 ஊராட்சிகள் உள்ளன. ஒரு ஊராட்சிக்கு இழை வந்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டதாகப் பொருளில்லை. இழையின் இரு முனைகளிலும் சரியான மாட்யூல் இருந்தால்தான் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் இணையம் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க மீண்டும் பேருந்து ஏறி அரியலூர் போக வேண்டியதுதான்.

உள்ளே இருப்பவை

மாட்யூலின் உள்ளே ஒரு லேசர் டையோடு, ஒளியை உணரும் ஒரு போட்டோடையோடு, இரண்டையும் இயக்கும் மின்சுற்று, ஒரு சிறிய நினைவகச் சில்லு ஆகியவை இருக்கும். தரவின் 1, 0 என்ற நிலைகளுக்கு ஏற்ப லேசரின் ஒளி கூடிக் குறைகிறது. ஒரு ஜிகாபிட் வேகத்தில் இந்த மாற்றம் நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் நிகழும். இந்த ஒளி அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது, கண்ணுக்குத் தெரியாது. 'ஒளி வருகிறதா' என்று இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. தொலைதூர மாட்யூல்களின் ஒளி கண்ணைப் பாதிக்கக்கூடும். அதற்குரிய கருவி பவர் மீட்டர்.

வடிவமும் வேகமும்

1990-களின் நடுவில் வந்த ஜிபிக் என்ற மாட்யூல் தீப்பெட்டியைவிடப் பெரியது. 2000-ஆம் ஆண்டையொட்டி அதைச் சுருக்கி உருவாக்கப்பட்டதே எஸ்எஃப்பி. ஜிபிக் பொருந்திய இடத்தில் ஏறக்குறைய இரண்டு எஸ்எஃப்பி பொருந்தியது. இதன் அளவுகளும் மின் இணைப்புகளும் பல உற்பத்தியாளர்கள் கூடிச் செய்துகொண்ட பொது உடன்பாட்டால் வரையறுக்கப்பட்டவை. ஆகவே ஒருவர் செய்த மாட்யூல் இன்னொருவர் செய்த ஸ்விட்சில் பொருந்தும் (பொருந்துவது வேறு, ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு, அதற்குப் பிறகு வருவோம்).

எஸ்எஃப்பி 1 ஜிகாபிட்டுக்கு உரியது. ஏறத்தாழ அதே உடலளவில் 10 ஜிகாபிட் தருவது எஸ்எஃப்பி பிளஸ். 25 ஜிகாபிட் தருவது எஸ்எஃப்பி28. இவற்றுக்கு முன்பு 10 ஜிகாபிட்டுக்கென வந்த ஜென்பேக், எக்ஸ்எஃப்பி போன்றவை அளவில் பெரியவை. பழைய கருவிகளில்தான் இன்று அவற்றைக் காணலாம். நான்கு தரவுத் தடங்களை ஒரே பெட்டியில் அடக்கியது கியூஎஸ்எஃப்பி குடும்பம். நான்கு 10 சேர்ந்து 40 ஜிகாபிட் ஆனால் கியூஎஸ்எஃப்பி பிளஸ், நான்கு 25 சேர்ந்து 100 ஆனால் கியூஎஸ்எஃப்பி28. எட்டுத் தடங்களாக விரிந்தவை கியூஎஸ்எஃப்பி-டிடி, ஓஎஸ்எஃப்பி ஆகியன. 400, 800 ஜிகாபிட் இவற்றின் களம்.

வடிவம் சொல்வது துளையையும் அதிகபட்ச வேகத்தையும் மட்டுமே. எவ்வளவு தூரம், எந்த இழையில், எந்த அலைநீளத்தில் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. 300 மீட்டருக்கான எஸ்எஃப்பி பிளஸும் 80 கிலோமீட்டருக்கான எஸ்எஃப்பி பிளஸும் மேசையில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும்.

இழையும் அலைநீளமும்

ஒளியிழையில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. மல்டிமோடு இழையின் உட்கரு 50 மைக்ரோமீட்டர் விட்டமுடையது (பழையவற்றில் 62.5). சிங்கிள்மோடு இழையின் உட்கரு ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. இரண்டுக்கும் வெளிக் கண்ணாடி 125 மைக்ரோமீட்டர்தான் என்பதால் கனெக்டரும் ஒன்றுபோலவே தெரியும். இழை உறையின் நிறத்தைப் பார்ப்பது நல்ல வழக்கம்: மஞ்சள் என்றால் சிங்கிள்மோடு, ஆரஞ்சு அல்லது வெளிர்நீலம் என்றால் மல்டிமோடு.

மல்டிமோடில் ஒளி பல பாதைகளில் தாவிச் செல்வதால் துடிப்புகள் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து ஒன்றோடொன்று கலங்கும். வேகம் கூடக்கூடத் தூரம் குறையும். 850 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் எஸ்எக்ஸ் வகை 1 ஜிகாபிட்டில் 550 மீட்டர் வரை போகும். 10 ஜிகாபிட்டுக்கான எஸ்ஆர் வகை ஓஎம்3 இழையில் 300 மீட்டர், 100 ஜிகாபிட்டுக்கான எஸ்ஆர்4 அதே இழையில் வெறும் 70 மீட்டர். ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குள், ஒரு தரவு மையத்தின் கூடத்துக்குள் இது போதும். விலையும் குறைவு. ஊருக்கும் ஊருக்கும் இடையே இதற்கு வேலையில்லை.

ஊர்களை இணைப்பது சிங்கிள்மோடு. அதில் 1310, 1550 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்கள் முக்கியமானவை. 1310-இல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் இழப்பு, 1550-இல் 0.2 முதல் 0.25 வரைதான். அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் 1550-ஐயே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் வழக்கமான இழையில் 1550-இல் ஒளித்துடிப்பு பரவி அகலமாகிவிடும். 1310-ஐ ஒட்டி அந்தப் பரவல் ஏறத்தாழ இல்லை. 1550 லேசருக்கு விலையும் கூடுதல். எனவே 10 கிலோமீட்டர் வகைகள் (1 ஜிகாபிட்டில் எல்எக்ஸ், 10 ஜிகாபிட்டில் எல்ஆர்) 1310-இலும், நெடுந்தூர வகைகள் 1550-இலும் இயங்குகின்றன. 10 ஜிகாபிட்டில் 40 கிலோமீட்டருக்கு ஈஆர். 80 கிலோமீட்டருக்கு இசட்ஆர். இந்த இசட்ஆர் அனைத்துலகத் தர அமைப்பு வரையறுத்தது அன்று, சந்தையில் நிலைத்துவிட்ட வழக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் கிலோமீட்டர்

மாட்யூலின் முதுகில் '10 கி.மீ.' என்றிருந்தால் அது ஒரு குறிப்பு மட்டுமே. உண்மையான எல்லையைத் தீர்மானிப்பது ஒளித்திறன் கணக்கு. ஒளித்திறனை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும்.

ரெட்டிபாளையம் போன்ற ஓர் ஊருக்கும் ஒன்றியத் தலைமையிடத்துக்கும் இடையே வடத்தின் நீளம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலைத் தூரமும் வட நீளமும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இந்த வடங்களில் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே போவதால் தொய்வும் வளைவும் பழுதுக்கென விட்டுவைக்கும் சுருளும் சேர்ந்து நீளம் கூடும். 12 கிலோமீட்டருக்கு 1310-இல் இழப்பு 4.2 டெசிபெல். 2 கிலோமீட்டருக்கு ஓர் உருளை என்றால் நடுவில் 5, முனைகளில் 2 என 7 இணைப்புகள், ஒன்றுக்கு 0.1 வீதம் 0.7. வழியில் நான்கு கனெக்டர்கள், ஒன்றுக்கு 0.5 வீதம் 2. மொத்தம் 6.9 டெசிபெல்.

1 ஜிகாபிட்டுக்கான எல்எக்ஸ்10 தரத்தின்படி மாட்யூல் குறைந்தபட்சம் −9 டிபிஎம் ஒளி அனுப்பும், எதிர்முனையில் −19.5 வரை மங்கினாலும் படித்துக்கொள்ளும். இடைவெளி 10.5. அதில் 6.9 போனால் மீதி 3.6. ஆக, '10 கி.மீ.' மாட்யூல் 12 கிலோமீட்டரில் தரமாக வேலை செய்யும்.

சில ஆண்டுகள் கழித்து அதே இழையில் 10 ஜிகாபிட் வேண்டும் என்று முடிவாகிறது. கடையில் '10 கி.மீ.' எஸ்எஃப்பி பிளஸ் கிடைக்கிறது. முன்பும் 10 கி.மீ.தானே, இதுவும் ஓடும் என்று வாங்கினால்? எல்ஆர் தரத்தில் குறைந்தபட்ச வெளியீடு −8.2, பெறும் எல்லை −14.4. இடைவெளி 6.2 மட்டுமே. தேவை 6.9. தர வரையறையின்படி இது பற்றாது. பல மாட்யூல்கள் தரம் கேட்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கும் என்பதால் முதல் நாளில் விளக்கு பச்சையாக எரியலாம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. காற்றடித்து வடம் அறுந்து, ஒரு துண்டு சேர்த்து ஒட்டும்போது இரண்டு புதிய இணைப்புகள் வரும், 0.2 டெசிபெல் போய்விடும். இப்படி நாலைந்து முறை நடந்தால் 1 டெசிபெல். அதன்பின் இணைப்பு விட்டுவிட்டு வரும். என்ன காரணமென்று யாருக்கும் பிடிபடாது. முழுதாகச் செத்த இணைப்பைவிட இப்படிப் பாதி உயிரோடு இருக்கும் இணைப்பு பராமரிப்பவரை அதிகம் அலைக்கழிக்கும்.

அந்த இடத்துக்கு உரியது ஈஆர். 1550-இல் இழப்பு 3 + 0.7 + 2 = 5.7. ஈஆர் வெளியீடு −4.7 முதல் +4 வரை. பெறும் எல்லை −15.8 முதல் −1 வரை. குறைந்தபட்ச வெளியீட்டில் −10.4 டிபிஎம் போய்ச் சேரும், அதிகபட்சத்தில் −1.7. இரண்டும் எல்லைக்குள் உள்ளன.

இதில் மேல் எல்லையான −1-ஐக் கவனிக்க வேண்டும். 'தூரம் அதிகமுள்ளதை வாங்கினால் எப்படியும் பாதுகாப்பு' என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. இசட்ஆர் மாட்யூல் 0 முதல் +4 டிபிஎம் அனுப்பும். பொதுவாக −7-க்கு மேல் அதன் பெறும் பகுதி தாங்காது. ஆய்வகத்தில் இரண்டு இசட்ஆர் மாட்யூல்களை ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் நேரடியாக இணைத்தால் தாங்கும் அளவைவிடப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட ஒளி பாயலாம். பெறும் டையோடு நிரந்தரமாகக் கெட்டுப்போகும். இடையில் அட்டெனுவேட்டர் எனும் ஒளிகுறைப்பானைச் செருகிய பிறகே சோதிக்க வேண்டும்.

இசட்ஆருக்கும் தன் எல்லை உண்டு. விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதையில் அரியலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி சுமார் 70 கிலோமீட்டர். அந்த நீளத்தில் ஓர் இழையைக் கற்பனை செய்தால், கிலோமீட்டருக்கு 0.25 வீதம் 17.5, இணைப்புகளுக்கு 3.5, கனெக்டர்களுக்கு 2 என மொத்தம் 23 டெசிபெல். மாட்யூலின் இடைவெளி (0-இலிருந்து −24 வரை) 24. '80 கி.மீ.' என்று எழுதிய மாட்யூலுக்கு 70 கிலோமீட்டரிலேயே ஒரு டெசிபெல்தான் மிச்சம்.

ஒரே இழையில் இரு திசை

வழக்கமான மாட்யூலுக்கு அனுப்ப ஓர் இழை, பெற ஓர் இழை என இரண்டு வேண்டும். இழை பற்றாக்குறையுள்ள இடங்களில், குறிப்பாக உள்ளூர் கேபிள் நடத்துநர்களிடம், பைடி வகை பிரபலம். இதில் ஒரு முனை 1310-இல் அனுப்பி 1490-இல் பெறும். மறுமுனை 1490-இல் அனுப்பி 1310-இல் பெறும். எதிரெதிர் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு வாங்கிவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி யாரும் கேட்காத கதைதான்.

ஜிபான் இன்னொரு வழி. பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் இதுவே பயன்பட்டது. ஒன்றியத்திலுள்ள ஓஎல்டி கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரமே தேவைப்படாத ஸ்பிளிட்டர் மூலம் பல கிளைகளாகப் பிரிகிறது. கீழ்நோக்கி 1490-இல் 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1310-இல் 1.25 ஜிகாபிட், இதைக் கிளைகள் பகிர்ந்துகொள்ளும். 32 ஆகப் பிரித்தால் ஸ்பிளிட்டரிலேயே சுமார் 17 டெசிபெல் போய்விடும் என்பதால் ஜிபான் மாட்யூலின் ஒளித்திறன் இடைவெளி 28 டெசிபெல் அளவுக்குப் பெரிதாக வைக்கப்பட்டுள்ளது. ஓஎல்டியில் செருகும் ஜிபான் மாட்யூலும் எஸ்எஃப்பி வடிவத்திலேயே இருக்கும். அதை எடுத்துச் சாதாரண ஸ்விட்சில் போட்டால் வேலை செய்யாது. வடிவத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

100 ஜிகாபிட்டுக்கு மேல்

மாணவர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றி. ஆனால் கிராம இணைப்பில் இதற்கு இன்னும் பெரிய இடமில்லை. சிறுசேரி, அம்பத்தூர் போன்ற இடங்களிலுள்ள தரவு மையங்களே இதன் வீடு. 100 ஜிகாபிட்டில் நான்கு தடங்களை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. எஸ்ஆர்4, பிஎஸ்எம்4 ஆகியவை தடத்துக்கு ஒரு ஜோடி என எட்டு இழைகளைக் கேட்கும். சிடபிள்யூடிஎம்4, எல்ஆர்4 ஆகியவை நான்கு அலைநீளங்களை ஒரே இழையில் சேர்த்து அனுப்பும். முன்னதற்கு 2 கிலோமீட்டர், பின்னதற்கு 10. கட்டடத்துக்குள் இழை மலிவு, எனவே முதல் வகை. வெளியே போனால் இழைதான் செலவு, எனவே இரண்டாவது. ஒரே அடுக்கில் இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும் இணைப்புக்கு ஒளியே வேண்டாம், இரு முனையிலும் மாட்யூல் பொருத்தப்பட்ட செப்புக் கேபிள் போதும்.

400 ஜிகாபிட்டில் ஒளியின் அளவை இரண்டு நிலைகளுக்குப் பதில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துடிப்பில் இரண்டு பிட். அதற்கு விலையாகப் பிழைகள் கூடும், பிழைதிருத்தக் கணக்கீடு கட்டாயமாகும், வெப்பமும் ஏறும். 1 ஜிகாபிட் எஸ்எஃப்பி ஒரு வாட்டுக்குள் ஓடும். 400 ஜிகாபிட் மாட்யூல் 10 வாட்டைத் தாண்டும். ஒளியின் வீச்சோடு கட்டத்தையும் பயன்படுத்தும் கோஹிரன்ட் முறையை விரலளவு பெட்டிக்குள் கொண்டுவந்தது 400இசட்ஆர். 2020-இல் வரையறுக்கப்பட்ட இது நகரங்களுக்கிடையே 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் எட்டும். இதே கோஹிரன்ட் முறையின் பெரிய உருவங்களே கடலடி வடங்களின் கரைமுனையங்களில் உள்ளன. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் வடம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடையது.

தூசியும் வெயிலும்

சிமெண்டு ஆலை போன்ற இடங்களில் ஒளியிழைக்கு ஓர் இயல்பான நன்மை உண்டு. பெரிய மோட்டார்களும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் எழுப்பும் மின்காந்த இரைச்சல் செப்புக் கம்பியைக் கலக்கும். கண்ணாடியை ஒன்றும் செய்யாது. இடியும் அப்படியே. அதன் எதிரி வேறு. சிங்கிள்மோடு உட்கரு 9 மைக்ரோமீட்டர் என்று பார்த்தோம். காற்றில் மிதக்கும் நுண்தூசியின் அளவும் 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும்தான். கனெக்டர் முகத்தின் நடுவில் ஒரே ஒரு சுண்ணாம்புத் துகள் உட்கார்ந்தால் ஒளியில் பெரும்பங்கு மறையும். அழுத்திச் செருகினால் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை. கழற்றிய மறுகணமே தூசிமூடி போடுவதும், செருகுமுன் ஒவ்வொரு முறையும் அதற்குரிய துடைப்பானால் சுத்தம் செய்வதும் விலையுயர்ந்த மாட்யூலைவிட அதிகப் பலன் தரும். வாயால் ஊதுவது கூடாது, ஈரம் படியும்.

கனெக்டரின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலம் நேர்முகம், பச்சை 8 பாகை சாய்முகம். இரண்டையும் முட்டவைத்தால் இழப்பு கூடும், முகமும் கெடும்.

சாதாரண மாட்யூல்கள் 0 முதல் 70 பாகை செல்சியசுக்கும், தொழிலக வகை −40 முதல் 85 வரைக்கும் உரியவை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் கோடையில் வெளிவெப்பமே 40-ஐத் தொடும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள், கருவியின் சொந்தச் சூடும் சேர்ந்து, மாட்யூல் உடல் 70-ஐத் தாண்டுவது எளிது. குளிரூட்டிய அறைக்குத் தொழிலக வகை வீண்செலவு. சாலையோரப் பெட்டிக்கு அது அவசியம்.

வாங்கும்போது

மாட்யூலின் நினைவகச் சில்லில் தயாரிப்பாளர் பெயர், வகை, அலைநீளம் முதலிய விவரங்கள் பதிந்திருக்கும். சில ஸ்விட்ச் நிறுவனங்கள் தம் குறியீடு இல்லாத மாட்யூலை மென்பொருள் வழியே மறுக்கின்றன. ஒளியிலோ மின்சுற்றிலோ குறை எதுவும் இல்லாமலே இணைப்பு எழாது. பொருந்தும் குறியீட்டுடன் விற்கும் பிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், விலையும் பலமடங்கு குறைவு. எந்த ஸ்விட்ச், எந்த மென்பொருள் பதிப்பு என்று சொல்லி வாங்கினால் பெரும்பாலும் சிக்கல் வராது.

தன்னிலை அறிவிக்கும் வசதியுள்ள மாட்யூலையே கேட்டு வாங்குவது நல்லது. வெப்பநிலை, மின்னழுத்தம், லேசர் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, பெறும் ஒளி ஆகிய ஐந்தையும் அது ஸ்விட்சின் திரையில் காட்டும். இணைப்பு அமைத்த அன்றே பெறும் ஒளியின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் −14 டிபிஎம் இருந்தது இன்று −17 என்றால் வழியில் பாதி ஒளி தொலைந்திருக்கிறது. அனுப்பும் முனையின் ஒளி மாறாமல் இருந்தால் மாட்யூலைக் குறைசொல்ல வேண்டியதில்லை. முதலில் கனெக்டரைத் துடைத்துப் பார்க்க வேண்டும், அடுத்து வடத்தை ஆராய வேண்டும். அனுப்பும் ஒளி குறைந்து, லேசர் மின்னோட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் லேசருக்கு வயதாகிவிட்டது. அது அணைந்துபோகும் முன்பே மாற்று மாட்யூலை வரவழைத்து வைத்துக்கொள்ளலாம்.